இந்த மெஷின் எதை வெட்டும், எதை வெட்டாது?
வீட்டில் செய்த சீ.என்.சீ. ரவுட்டரில் தொழில் தொடங்க நினைப்போருக்கு

கொம்பனித்தெரு மலே வீதியிலும் யூனியன் பிளேஸ் பக்கமும் உள்ள கடைகளின் பெயர்ப்பலகைகளைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். ஒரு காலத்தில் தகரத்தில் பெயின்ற் கொண்டு கையால் எழுதிய போர்டுகள் இருந்தன. பிறகு பிளெக்ஸ் பெனர் வந்தது. கையால் எழுதியவர்களில் பலர் வேறு தொழில் பார்க்கப் போய்விட்டார்கள். இப்போது மூன்று மொழிகளிலும் எழுத்துக்களைத் தனித்தனியாக வெட்டி, முன்னுக்குத் தள்ளி ஒட்டி, பின்னால் எல்.ஈ.டி. விளக்குப் போடும் காலம். அந்த எழுத்துக்களை வெட்டுவதற்குத்தான் சீ.என்.சீ. ரவுட்டர் என்ற மெஷின் பயன்படுகின்றது.

பெரிய மெஷினை இலட்சக் கணக்கில் கொடுத்து வாங்க வசதியில்லாத எமது இளைஞர்கள் சிலர் அதனை வீட்டிலேயே செய்துகொள்ளத் தொடங்கியிருக்கின்றார்கள். பாராட்ட வேண்டிய விடயம். ஆனால் பலகையும் தகடும் விற்கும் எங்களைப் போன்றவர்களிடம் வந்து, “நானா, இந்த மெஷின் எதையெல்லாம் வெட்டும்?” என்று அவர்கள் கேட்பது, மெஷினைச் செய்து முடித்து, ஓடரும் எடுத்து, முற்பணமும் வாங்கிய பிறகுதான். இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருந்தால் மெஷினையே வேறு மாதிரிச் செய்திருப்பார்கள். சிலர் செய்யாமலே விட்டிருப்பார்கள். கையில் உள்ள சேமிப்பையும் உம்மாவின் நகையையும் போட்டு இறங்கும் தொழில் என்பதால் இதனைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

கணனியின் கட்டளைப்படி வெட்டும் மெஷின் புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1952 ஆம் ஆண்டிலேயே அப்படியொன்றை ஓட்டிக் காட்டினார்கள். அது விமானத் தொழிற்சாலைகளுக்கான பெரிய இயந்திரம். சிறிய பட்டறைக்காரரின் கைக்கு அது வர மேலும் நாற்பது வருடங்களுக்கு மேல் சென்றது. டெட் ஹோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் படகு செய்வதற்குப் பிளைவூட் வெட்டத் தனக்கென ஒரு மெஷினைச் செய்யப்போய், 1996 இல் ‘ஷொப்பொட்’ என்ற கம்பனியையே ஆரம்பித்தார். அவருடைய படிப்பு மூளை நரம்பு சம்பந்தப்பட்டது என்பது வேறு கதை. 2009 இல் ‘ஜீ.ஆர்.பீ.எல்.’ என்ற இலவச மென்பொருள் வந்த பிறகு, ஆர்டுயினோ என்ற சிறு மின்சுற்றுப் பலகை ஒன்றும், மூன்று நான்கு ஸ்டெப்பர் மோட்டர்களும், ஓடாவிமார் கையில் பிடித்து வேலை செய்யும் சிறிய ரவுட்டர் ஒன்றும் இருந்தால் போதும் என்ற நிலை ஏற்பட்டது. கழித்த போட்டோகொப்பி மெஷின்களில் இருந்து கழற்றிய மோட்டரையும் தண்டையும் வைத்தே சிலர் தொடங்கிவிடுகின்றார்கள்.

பிட் சுழல்வது வெட்டுவதற்குப் பாதி. மறுபாதி, அதனைத் தாங்கும் சட்டம் ஆடாமல் நிற்பது. திருவலை ஆடினால் தேங்காய்ப்பூ ஒழுங்காக விழுமா? அதே கதைதான். மரச்சட்டத்திலோ மெல்லிய அலுமினியச் சட்டத்திலோ செய்த வீட்டு மெஷின், கடினமான பொருளில் பிட்டை அழுத்தியவுடன் வளைந்து கொடுக்கும். வளைந்தால் அளவு பிழைக்கும், விளிம்பு கரடாகும், பிட் உடையும். ஆகவே எந்தப் பொருளை வெட்டலாம் என்பதை மோட்டரின் பலத்தை விடச் சட்டத்தின் உறுதியே தீர்மானிக்கின்றது.

முதலில் எம்.டி.எப். பலகை. பழகுவதற்கு இதைவிடச் சிறந்த பொருள் கிடையாது. மரத்தை நாராக அரைத்துப் பசை கலந்து அழுத்திச் செய்வதால் இதில் நார் ஓட்டம் இல்லை, கணு இல்லை. எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே மாதிரி வரும். எட்டுக்கு நான்கு அடி சீற்றாக, 3 மி.மீ. முதல் 18 மி.மீ. வரை பல தடிப்பில் கிடைக்கும். சுவரில் மாட்டும் எழுத்து, பென்ட்ரி கதவு, ஜாலித் தட்டி, விளையாட்டுச் சாமான் எல்லாம் இதில் செய்யலாம்.

ஆனால் எம்.டி.எப்.புக்கு இரண்டு பொல்லாத குணங்கள் உண்டு. தண்ணீர் பட்டால் பாண் ஊறுவது போல் ஊதிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் காலி வீதிக் கடையொன்றுக்கு எம்.டி.எப்.பில் எழுத்து வெட்டி, அழகாகப் பெயின்ற் அடித்து வெளியில் பொருத்திக் கொடுத்தார். மார்ச் மாதத்தில் பார்க்க அருமையாக இருந்தது. மே மாத மழைக்கு விளிம்பெல்லாம் வெடித்து எழுத்துக்கள் தொப்பை போட்டுவிட்டன. சொந்தச் செலவில் முழுவதையும் மாற்றிக் கொடுத்தார். இலாபம் போனதுடன் கைக்காசும் போனது. கொழும்பில் வெளியில் வைக்கும் எதற்கும் சாதாரண எம்.டி.எப். வேண்டவே வேண்டாம். பச்சை நிறத்தில் வரும் ஈரம் தாங்கும் வகையும் குசினிக்குச் சரி, நேரடி மழைக்குச் சரிவராது.

மற்றையது தூசி. மாவைப் போல் மெல்லிய தூள் வரும். அதில் மரமும் உண்டு, போர்மல்டிஹைட் சேர்ந்த பசையும் உண்டு. மரத்தூசியை 1995 இலும் போர்மல்டிஹைட்டை 2004 இலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சேர்த்தது. முகத்தில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு வெட்டுவது இதற்குப் போதாது. பிட்டின் பக்கத்திலேயே தூசியை உறிஞ்சும் குழாய் வேண்டும், முறையான முகமூடியும் வேண்டும். குழந்தைகள் படுக்கும் அறைக்குப் பக்கத்தில் இந்த மெஷினை வைப்பவரிடம் எதைச் சொல்வது?

பிளைவூட்டும் நன்றாக வெட்டலாம். அதில் மேல் படை சிராய் சிராயாக எழும்புவதுதான் தொந்தரவு. சாதாரண பிட் தூளை மேலே தள்ளும், கூடவே மேல் படையையும் கிழிக்கும். கீழ்நோக்கித் தள்ளும் பிட்டைப் போட்டால் மேல் முகம் சுத்தமாக வரும். மலிவான பிளைவூட்டில் உள்ளே வெற்றிடம் இருக்கும். வெட்டிய பிறகுதான் அது தெரியும், அப்போது கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. (கடைக்காரனும் உள்ளே பார்த்து வாங்குவதில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.)

அசல் மரத்தில் மஹோகனி இந்த மெஷினுக்கு மிகவும் பொருத்தமானது. செதுக்கு வேலை துல்லியமாக விழும். இறப்பர் மரமும் சீரானது, ஆனால் பதப்படுத்தாததை வாங்கினால் பூச்சியும் பூஞ்சணமும் பிடிக்கும். தேக்கு வெட்டலாம், அழகாகவும் வரும். ஆனால் அதனுள் இயற்கையாகவே உள்ள சிலிக்கா என்ற மணற்சத்து பிட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடும். தேக்கு வேலைக்கு விலை சொல்லும்போது பிட்டின் விலையையும் கூட்டிச் சொல்லுங்கள். தென்னை மரத்தின் வெளிப்பகுதியும் இதே போல் பிட் தின்னி. பலா நல்ல மரம், நிறமும் நல்லது. ஆனால் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகிய மரங்களை வெட்டுவதற்கு 1951 ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி தேவை என்பதால், தெரிந்தவர் வீட்டுத் தோட்டத்தில் வெட்டியது என்று மலிவாக வரும் பலகையை விசாரிக்காமல் வாங்காதீர்கள். எந்த மரமாக இருந்தாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரப் பலகையில் இன்று வெட்டிய வட்டம் அடுத்த மாதம் முட்டை வடிவமாகிவிடும்.

இங்கே ஒரு விடயம். மெஷின் வந்தால் ஓடாவிமாருக்கு வேலை போய்விடும் என்ற பேச்சு இருக்கின்றது. நான் பார்த்த வரையில், மெஷின் வைத்திருப்பவர்களில் பிழைத்துக்கொண்டவர்கள் ஓர் ஓடாவியைக் கூட்டாகச் சேர்த்துக் கொண்டவர்கள்தான். மெஷின் வெட்டும், அவ்வளவுதான். பலகையின் வாட்டம் பார்ப்பது, பொருத்துவது, மட்டத்தாள் போடுவது, பொலிஷ் அடிப்பது எல்லாம் கைவேலை. உள்மூலையில் பிட்டின் வட்டம் நின்றுவிடும். 6 மி.மீ. பிட் போட்டால் மூலையில் 3 மி.மீ. ஆரம் இருக்கும். அதை உளியால் நேராக்க ஓடாவிதான் வரவேண்டும். பெனர் வந்தபோது போர்ட் எழுதியவர்களை நாம் கைவிட்டது போல் இவர்களையும் விட்டுவிட்டால், நாளை மெஷின்காரருக்கே வேலை முடித்துக் கொடுக்க ஆளிருக்காது.

வெளியில் வைக்கும் பெயர்ப்பலகைக்கு ஏற்றது பீ.வீ.சீ. போம் போர்ட். எடை குறைவு, மழைக்கு அசையாது, மெஷினுக்கும் வெண்ணெய் மாதிரி. பெயர்ப்பலகைத் தொழிலில் வீட்டு மெஷினுக்கு அதிகம் உழைத்துக் கொடுப்பது இதுதான். கவனிக்க வேண்டியது, இதனை ஒருபோதும் லேசர் மெஷினில் கொடுக்கக் கூடாது. பீ.வீ.சீ. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைட் என்ற நச்சுப்புகை வரும். மனிதனின் நெஞ்சையும் கெடுக்கும், மெஷினின் இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். லேசர்காரர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் இந்த வேலை ரவுட்டர்காரருக்கு வந்து சேர்கின்றது.

அக்ரிலிக்கில் இரண்டு வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அச்சில் ஊற்றிச் செய்யும் வகை ஒன்று, உருக்கி அழுத்தித் தள்ளிச் செய்யும் வகை மற்றொன்று. முதலாவது வகை வெட்டும்போது துருவல் துருவலாகச் சுத்தமாக வரும். இரண்டாவது சூட்டில் உருகிப் பிட்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், வெட்டிய கோடே திரும்ப ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது வகை விலை குறைவு என்பதால் அதுவே உங்கள் தலையில் கட்டப்படலாம். ஒரு சிறு துண்டைக் கேட்டு வாங்கித் துளை போட்டுப் பாருங்கள், தூள் உதிர்கின்றதா நூலாக இழுபடுகின்றதா என்று தெரிந்துவிடும். ரவுட்டரில் வெட்டிய அக்ரிலிக் விளிம்பு மங்கலாகவே இருக்கும். கண்ணாடி போல் பளபளப்பு வேண்டுமென்றால் அது லேசர் வேலை. வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிளாஸ்டிக் வெட்டும்போது புதியவர்கள் எல்லோரும் பயத்தில் மெதுவாக ஓட்டுகின்றார்கள். அதுதான் கேடு. பிட் நிமிடத்துக்கு 18,000 தடவை சுற்றும்போது, ஒரு வெட்டுவாய் உள்ள பிட்டை நிமிடத்துக்கு 1,800 மி.மீ. வேகத்தில் நகர்த்தினால் ஒவ்வொரு சுற்றிலும் 0.1 மி.மீ. தடிப்பில் துருவல் வெளியேறும். சூடும் துருவலோடு போய்விடும். வேகத்தைக் குறைத்தால் பிட் வெட்டாமல் உரசும். உரசினால் சூடு. சூட்டினால் பிளாஸ்டிக் உருகும், மரம் கருகும், பிட் மழுங்கும். மெதுவாகத்தான் ஓட்ட வேண்டுமென்றால் சுற்றையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

கடைகளின் முகப்புக்குப் போடும் கிளாடிங் என்ற அலுமினியச் சீற், இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்தது. வீட்டு மெஷின் இதனை வெட்டும். வீ வடிவப் பிட்டினால் பின்பக்கம் கீறி, முன் தகட்டை மட்டும் விட்டு மடித்துப் பெட்டி போலவும் செய்யலாம். நல்ல வருமானம் தரும் வேலை. ஆனால் நடுவில் இருக்கும் சாதாரண பிளாஸ்டிக் எரியக் கூடியது. 2017 ஜூன் 14 ஆம் திகதி இலண்டன் கிரென்பெல் அடுக்குமாடியில் 72 உயிர்கள் போன தீ, கட்டடத்தின் வெளியே போர்த்தியிருந்த இப்படிப்பட்ட சீற்றின் வழியாகவே மேலே ஏறியது. ரமழான் மாதம், ஸஹருக்கு விழித்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல அயலவரைத் தட்டி எழுப்பியதை அக்காலத்தில் பத்திரிகைகள் எழுதின. கொம்பனித்தெரு போல் கடைக்கு மேல் வீடும் வீட்டுக்கு மேல் வீடுமாக உள்ள இடத்தில் முகப்பு முழுவதையும் போர்த்தும் வேலை வந்தால், தீ பரவாத உட்பகுதி உள்ள வகையைக் கேளுங்கள். விலை கூடத்தான் செய்யும்.

உலோகத்தில் பித்தளை வீட்டு மெஷினுக்குப் பரவாயில்லை. சட்டத்தரணிகள், வைத்தியர்கள் வைக்கும் பெயர்த்தகடு செதுக்கலாம். அலுமினியமும் முடியும், ஆனால் பொறுமை வேண்டும். ஒரு தடவைக்கு 0.3 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு வெட்டுவாய்ப் பிட், கொஞ்சம் எண்ணெய், துருவலை ஊதி அகற்றக் காற்று எல்லாம் தேவை. பாத்திரம் செய்யும் மென்மையான அலுமினியத் தகடு பிட்டில் பசை போல் ஒட்டும். 6061 என்ற கலவை வகை சுத்தமாக வெட்டுப்படும்.

இரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இரண்டையும் மறந்துவிடுங்கள். அதற்குக் குறைந்த சுற்றும் பாரிய இரும்புச் சட்டமும் வேண்டும். கையால் பிடிக்கும் ரவுட்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்குக் கீழே இறங்குவதே கடினம். கண்ணாடியும் கருங்கல்லும் இதன் வேலை அல்ல. பள்ளிவாசல் அடிக்கல் கல்வெட்டுக்கு வேறு ஆட்கள் இருக்கின்றார்கள். போமைக்கா ஒட்டிய பலகை வெட்டலாம், விளிம்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கலியாண மேடைக்கு ரெஜிபோம் வெட்ட மெஷினைத் தேட வேண்டாம், சூடேற்றிய கம்பி போதும், மணிமணியாகப் பறக்கவும் மாட்டாது. ஸ்டிக்கர் வெட்டப் பிளொட்டர் இருக்கின்றது. அஸ்பெஸ்டஸ் சீற்றை யார் என்ன விலை தந்தாலும் தொடாதீர்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் பல வருடங்கள் கழித்து ஆளையே முடித்துவிடும்.

இனி விலை. சதுர அடிக்கு இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குச் சொல்வதுதான் பலரைக் கவிழ்க்கின்றது. ஒரே பெயரை மூன்று பொருளில் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். எழுத்துக்களின் சுற்று விளிம்பு மொத்தம் 20 மீற்றர். 12 மி.மீ. போம் போர்டில் இரண்டு தடவையில் முடிக்கலாம், 40 மீற்றர் ஓட்டம், நிமிடத்துக்கு 2 மீற்றர் வேகத்தில் 20 நிமிடம். அதே தடிப்பு எம்.டி.எப்.பில் தடவைக்கு 3 மி.மீ. என்றால் நான்கு தடவை, 80 மீற்றர், நிமிடத்துக்கு ஒன்றரை மீற்றர் வேகத்தில் 53 நிமிடம். 3 மி.மீ. அலுமினியத்தில் தடவைக்கு 0.3 மி.மீ. ஆகப் பத்துத் தடவை, 200 மீற்றர், நிமிடத்துக்கு அரை மீற்றர் வேகத்தில் 6 மணி 40 நிமிடம்! மெஷின் ஓடும் நேரம், உடையும் பிட், வீணாகும் துண்டு மூன்றையும் எழுதி வைத்து விலை சொல்பவர்தான் வருட முடிவில் கையில் காசு பார்ப்பார். எம்.டி.எப்.பில் தேக்கு நிறம் அடித்துத் தேக்கு விலை வாங்குவது பற்றி எமது வாசகர்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

எழுத்து வேலையில் எமது மூன்று மொழிகளுக்கும் அரபுக்கும் தனியான சிக்கல் உண்டு. தமிழில் புள்ளி தனியாக விழும், உறிஞ்சும் குழாய் அதை விழுங்கிவிடும். ‘ஸ்டோர்ஸ்’ என்ற பெயரில் நான்கு எழுத்தில் மூன்றுக்குப் புள்ளி வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். பலகையில் எழுத்தைத் துளையாக வெட்டினால் ‘ட’ தப்பும், ஆனால் ‘ம’ வுக்குள் இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்து வைக்கச் சிறு பாலம் விட்டு வரைய வேண்டும். அரபில் புள்ளிகளின் இடமும் எண்ணிக்கையும் மாறினால் பா தாவாகவும் ஸாவாகவும் மாறிப் பொருளே கெட்டுவிடும். திருவசனங்களை வெட்டும் ஓடர் வந்தால், கணனியில் வரைந்ததை ஹரகத்துக்களுடன் ஒரு மௌலவியிடம் காட்டி ஒப்பம் வாங்கிய பிறகே மெஷினில் போடுங்கள். உடைந்து போன, பிழையாக வெட்டுப்பட்ட துண்டுகளைக் குப்பை லொறிக்குப் போட வேண்டாம். தனியாக ஒரு பெட்டியில் சேர்த்து, என்ன செய்வதென்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். மெஷினுக்குக் கீழே விழுந்ததைக் காலால் மிதித்துக்கொண்டு வேலை செய்யும் பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இடம்தான் எங்கள் பகுதியில் பெரிய தலையிடி. ஜாவா லேன் போன்ற ஒழுங்கைகளில் முன்னறையே பட்டறையாக இருந்த காலம் போய்க்கொண்டிருக்கின்றது. வீடுகளை விட்டு மாடிக் குடியிருப்புக்குப் போனவர்களுக்கு வீடு கிடைத்தது, முன்னறைத் தொழில் கிடைக்கவில்லை. எட்டாம் மாடியில் ரவுட்டர் ஓட்டினால் மேலும் கீழும் உள்ளவர்கள் சும்மா இருப்பார்களா? இருக்கவும் தேவையில்லை, அயலவரின் உரிமை எவ்வளவு பெரியது என்பது எல்லோருக்கும் தெரியும். மெஷினைத் தனித்தனியாக வீட்டில் வைப்பதை விட, மூன்று நான்கு பேர் சேர்ந்து தெமட்டகொடைப் பக்கமோ கிராண்ட்பாஸ் பக்கமோ ஒரு சிறு இடத்தை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொரு நாள் என்று ஓட்டலாம். கணக்கை முதல் நாளே எழுதி இரண்டு சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு நாடும் இருட்டானது. இடையில் மின்சாரம் நின்றால் வீட்டு மெஷினுக்குத் தான் நின்ற இடம் மறந்துவிடும். மறுபடி போட்டால் வேறு இடத்தில் வெட்டி முழுச் சீற்றையும் பாழாக்கும். மூன்று பக்கமும் சிறு சுவிட்ச் வைத்து, தொடக்கப் புள்ளிக்குத் தானாகப் போய்த் திரும்பும்படி செய்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். சில நூறு ரூபா செலவுதான், ஆனாலும் முதலில் மிச்சம் பிடிப்பது இதில்தான்.

பழகும் காலத்தில் முழுச் சீற் வாங்காதீர்கள். எங்களைப் போன்ற கடைகளில் வெட்டிக் கழித்த எம்.டி.எப்., போம் போர்ட், அக்ரிலிக் துண்டுகள் மூலைக்குள் அடுக்கிக் கிடக்கும். கேட்டால் நிறுத்து மலிவாகத் தருவார்கள், சில முதலாளிமார் சும்மாவே தருவார்கள். ஒவ்வொரு துண்டிலும் பொருளின் பெயர், தடிப்பு, போட்ட பிட், ஓட்டிய வேகம் ஆகியவற்றைப் பேனையால் எழுதி மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு வையுங்கள். அஸருக்குப் பிறகு வந்தால் கடையில் கூட்டம் குறைவு, நின்று பொறுக்கி எடுக்கலாம்.